ஆறாம் எண் கோடு

எங்கள் கணித ஆராய்ச்சி நிலையத்தில் இப்போது வேலை பார்ப்பவர்கள் ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். ஓய்வு பெற்ற அட்டெண்டர்களும் எழுத வேண்டும், சிரிக்கும்படி ஏதாவது இருந்தால் நல்லது என்று சொல்லியனுப்பினார்கள். சிரிக்கும்படியான விஷயங்கள் எனக்கும் தெரியும். கருத்தரங்க அறைக்குள் குரங்கு புகுந்து வெளிநாட்டு விருந்தாளியின் வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு போனதும், இயக்குநரின் காருக்கடியில் பூனை குட்டி போட்டதும் நான் இருந்தபோது நடந்தவைதான். ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரு சுவர்தான் கண்முன் நிற்கிறது. அதில் ஒட்டியிருந்த கட்டம் போட்ட தாளில் ஆறு கோடுகள். கோடுகளை இழுத்தவர் மைதிலி அம்மா. புள்ளிகளை வைத்தவன் நான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அடையாற்றங்கரைக் குடிசைகளில் வளர்ந்தவன். நிலையத்தில் தோட்ட வேலைக்குத் தினக்கூலியாகப் போய், பிறகு அட்டெண்டராக நிரந்தரமானேன். பத்து வருடம் கோப்பு தூக்கினேன், டீ வாங்கினேன், கரும்பலகை துடைத்தேன். பலகையின் மூலையில் சதுரம் போட்டு 'அழிக்காதே' என்று எழுதியிருந்தால் அதைச் சுற்றித் துடைக்க வேண்டும். அதுவரை நான் கற்ற கணிதம் அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் என்னை மைதிலி அம்மாவின் அறைக்கு மாற்றினார்கள். அவர் பேராசிரியர். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து தினமும் ஒரே பஸ்ஸில் வருவார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். யாரையும் ஒருமையில் அழைத்து நான் கேட்டதில்லை. எழுதியதை ரப்பரால் அழிக்க மாட்டார். தவறென்றால் அதன்மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பார். தப்பும் தெரிய வேண்டும், திருத்தினதும் தெரிய வேண்டும் என்பார்.

மனித உடம்புக்குள் ஒரு வைரஸ் எப்படிப் பெருகுகிறது, எப்படிச் சாகிறது என்பதைச் சமன்பாடுகளால் கண்டுபிடிப்பது அவர் வேலை. அப்போது எல்லோரும் பயந்த வைரஸ் எய்ட்ஸ் நோயைக் கொடுப்பது. அந்தப் பெயரைச் சொல்லும்போது எங்கள் பகுதியில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அந்த வேலைக்கு நான் வருகிறேன் என்றதும் அம்மா என்னை மாடிக்கு அழைத்துப்போய்த் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார்.

"மட்டம் மாறாம இருக்குன்னா தண்ணி சும்மா நிக்கறதுன்னு அர்த்தம் இல்லை, ஏழுமலை. மேல குழாய் கொட்டிண்டே இருக்கலாம், கீழ ஒழுகிண்டே இருக்கலாம். ரெண்டும் சமமா இருந்தா நமக்குத் தெரியாது. குழாயை மூடுங்கோ. எத்தனை வேகமா மட்டம் இறங்கறதோ, அதுதான் ஒழுக்கோட அளவு."

நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் வருடக்கணக்கில் ஒரே அளவில் இருக்கும். அதனால் அது தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்களாம். புதிதாக வந்திருந்த மருந்து குழாயை மூடுவது போல. மருந்து கொடுத்துவிட்டு, அடுத்தடுத்து ரத்தம் எடுத்து, இறங்கும் வேகத்தைப் பார்த்தால், ஒரு நாளில் எவ்வளவு வைரஸ் பிறந்து எவ்வளவு சாகிறது என்று தெரிந்துவிடும். எனக்கு அது புரிந்தது. புரிந்தது என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

தி.நகரில் ஒரு சந்துக்குள் இருந்த சிறிய மருத்துவமனையில் ஆறு நோயாளிகளுக்கு அந்த மருந்து இலவசமாகக் கிடைக்க ஏற்பாடாகியிருந்தது. அவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். அம்மா ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்பது ஏற்பாடு. எங்கள் நிலையத்தில் அவர்கள் முகம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆனாலும் அம்மா, "மூணு எப்படி இருக்கார்? அஞ்சுக்கு இருமல் நின்னுதா?" என்று மனிதர்களை விசாரிக்கிற மாதிரிதான் விசாரிப்பார்.

என் வேலை இது. நர்ஸ் ரத்தம் எடுத்ததும், ஊதா மூடி போட்ட குழாயை எட்டுத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது. ஊசி ஏறிய நிமிடத்தை ரேடியோ நேரத்துக்குச் சரிசெய்த கடிகாரத்தில் பார்த்து எழுத வேண்டும். பிறகு நோயாளி கொண்டுவரும் மாத்திரைக் குப்பியை வாங்கி, பிளாஸ்டிக் தட்டில் கொட்டி, கை படாமல் அட்டைத் துண்டால் ஐந்தைந்தாகத் தள்ளி இரண்டு முறை எண்ண வேண்டும். மீதி எத்தனை என்று எழுதிவிட்டால், அவர் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று தெரியும். கடைசியில் ரத்தம் பிடித்த குழாய்களை ஐஸ் பெட்டியில் வைத்து, சைக்கிள் கேரியரில் பழைய ட்யூபால் கட்டி, நந்தனம் வழியாகக் கோட்டூர்புரம் பாலம் ஏறி, இரண்டு மணி நேரத்துக்குள் அடையாற்றில் இருந்த பரிசோதனைக்கூடத்தில் சேர்க்க வேண்டும். பத்துப் பதினைந்து நாளில் எண்கள் வரும். அம்மா படிக்கப் படிக்க நான் சுவர்த் தாளில் புள்ளி வைப்பேன்.

ஆரம்பத்தில் ஒரு தவறு செய்தேன். நேர அட்டவணையில் பத்து, பன்னிரண்டு, இரண்டு என்று இருந்தது. நர்ஸம்மா டிபனுக்குப் போனால் முன்னே பின்னே ஆகும். நான் அட்டவணையில் இருப்பதையே எழுதிவைத்தேன். இரண்டாவது வாரம் அம்மா என் நோட்டைப் புரட்டிவிட்டு, மெட்ராஸில் எந்தக் காரியம் இப்படி மணியடித்தாற்போல் நடக்கிறது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். உண்மையைச் சொன்னேன்.

"மணி தப்பிப் போனா பரவாயில்லை. ஆன மணியை எழுதுங்கோ. ஆகவேண்டிய மணியை எழுதாதீங்கோ" என்றார். அந்தப் பக்கம் முழுவதும் கோடு இழுத்து என்னையே கையெழுத்துப் போடச் சொன்னார். அதன் பிறகு நேரத்தில் நான் பொய் எழுதியதில்லை.

ஆறு பேரில் நான்காம் எண் பதினைந்தாம் நாளே சொந்த ஊருக்குப் போய்விட்டார், திரும்பவில்லை. அவருக்கென்று வந்திருந்த குப்பிகள் மருத்துவமனை இரும்பு அலமாரியில் கிடந்தன. சாவி என்னிடம். மற்றவர்கள் பேச மாட்டார்கள். வருவார்கள், கையை நீட்டுவார்கள், துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு போய்விடுவார்கள். பேசியவர் ஆறாம் எண் மட்டும்தான்.

அவர் பெயரை மாற்றி தனசேகர் என்று வைத்துக்கொள்கிறேன். ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் பிளவுஸ் தைப்பவர். கழுத்தில் அளவு டேப்போடுதான் வருவார்.

"இன்னா நைனா, கொசு மாதிரி கரெக்டா வந்து குந்திக்கினே" என்பார். ஒருமுறை என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "ஊர்ல கீற பொம்பளைங்க அளவெல்லாம் என் நோட்ல கீது. என் அளவு உன் நோட்ல கீது. நல்ல பொயப்பு" என்றார். நர்ஸம்மாகூடச் சிரித்துவிட்டார்.

எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றில் இரண்டு மாத்திரை, ஒரு சொம்புத் தண்ணீரோடு. அவர் குப்பியில் ஒரு மாத்திரைகூட முன்பின் இருந்ததில்லை. முதல் இரண்டு வாரம் அவர் கோடுதான் எல்லாவற்றிலும் செங்குத்தாக இறங்கியது. அம்மா அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "இவர் உடம்பு நன்னா சண்டை போடறது" என்றார். நான் அதை தனசேகரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதுதான். அவர் முகம் எப்படி மலர்ந்தது என்று இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

நான்காவது வாரம் ஒருநாள் அவர் வரவில்லை. ரத்தம் எடுக்கும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. மருத்துவமனை டாக்டர் என்னை அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவரச் சொன்னார். கடைக்குப் பின்னாலேயே ஒற்றை அறை வீடு. கதவைத் திறந்தது ஒரு பெண். மனைவி விழுப்புரத்தில் தாய்வீட்டில் இருக்கிறாள் என்றுதான் தனசேகர் மருத்துவமனையில் சொல்லியிருந்தார். தண்ணி லாரி வந்திருக்கிறது, வரிசையில் நிற்கிறார், இப்போது வந்துவிடுவார், உட்காருங்கள் அண்ணே என்றது அந்தப் பெண். அவர் மனைவிதான். செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளவுஸுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தது. இரண்டு மணி ஆனதும் எழுந்து, அலமாரியிலிருந்து அந்தக் குப்பியை எடுத்தது. ஒரு மாத்திரையை வாயில் போட்டு ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தது. இன்னொன்றை மூடியில் வைத்து அலமாரியில் வைத்தது.

"எனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு. நேரம் தப்பக் கூடாதாமே" என்றது, ஒளிவு மறைவே இல்லாமல்.

தனசேகர் இரண்டு குடத்தோடு மேலே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் குடங்களை இறக்கிவிட்டு, என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"அவளுக்கும் கீது, நைனா. பத்து நாளு முந்தி சைதாப்பேட்டைல வேற எடத்துல டெஸ்ட் எடுத்தேன். அன்னிலேர்ந்து ஆளுக்குப் பாதி. நான் குடுத்ததுதான. நான் மட்டும் மருந்து துன்னுக்கினு அவ மூஞ்சிய எப்படிப் பாக்கறது?"

டாக்டரிடம் சொல்லலாம் என்றேன்.

"சொன்னா இன்னா ஆவும்? இவன் கணக்கைக் கெடுத்துட்டான்னு என்னியத் தூக்கிடுவாங்க. அப்பறம் ரெண்டு பேருக்கும் இல்ல. எண்ணிக்கை சரியா கீதா இல்லியா? அத மட்டும் எழுது. உன் கால்ல வுயுந்து கேக்கறேன்."

எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. என் நோட்டில் மீதி எத்தனை என்று ஒரு கட்டம்தான் உண்டு. விழுங்கியது யார் என்று கேட்கும் கட்டம் இல்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன்.

அன்று நான் நினைத்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். ஒரு தட்டுச் சோற்றை இரண்டு பேர் தின்றால், அரை வயிற்றோடு இரண்டு பேரும் பிழைப்பார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் வளர்ந்தோம். மருந்தும் அப்படித்தான் என்று நினைத்தேன். அரை அளவு மருந்தில் சாகாமல் தப்பிய வைரஸ், அந்த மருந்துக்கே அசையாததாக மாறிவிடும் என்பது எனக்குத் தெரியாது. தனசேகருக்கும் தெரியாது. அது தெரிந்த அம்மாவிடமும் டாக்டரிடமும் பேசிக்கொண்டுதான் இருந்தேன். அவர்களிடம் நான் கேட்கவில்லை.

ஆறாம் எண் கோடு இறங்குவது நின்றது. அடுத்த தாள் வந்தபோது புள்ளி முந்தையதற்கு நேராகவே விழுந்தது. அதற்கடுத்தது கொஞ்சம் மேலே. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கோட்டின் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஆறாம் நம்பர் மாத்திரையெல்லாம் சரியா சாப்பிடறாரோல்லியோ?"

"எண்ணிக்கை சரியா இருக்குதும்மா" என்றேன்.

அவர் அந்தக் கேள்வியை மூன்று தடவை, வெவ்வேறு நாட்களில் கேட்டார். மூன்று தடவையும் அதே பதிலைச் சொன்னேன். அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் பதிலை நம்பி அவர் வேறு காரணம் தேடினார். உடம்பில் ஏதோ சில செல்களுக்குள் மருந்து எட்டாமல் வைரஸ் ஒளிந்திருக்க வேண்டும், தொட்டிக்குப் பக்கத்தில் நாம் பார்க்காத இன்னொரு தொட்டி இருக்க வேண்டும் என்று சமன்பாட்டில் ஒரு வரி சேர்த்தார். சேர்த்ததும் ஆறாம் கோடு அதில் பொருந்தியது. ஏறக்குறைய நான்கு மாதம் அதே வேலை. கரும்பலகையில் அந்த வரியைச் சுற்றி மட்டும் சதுரம் இருந்தது. தினமும் நான் அதைச் சுற்றித் துடைத்தேன். தனசேகர் அந்த நாலு மாதத்தில் மெலிந்தார். பகடி நிற்கவில்லை. டேப்பைத் தன் இடுப்பில் சுற்றி, "ரெண்டு இஞ்சு புடிச்சுக் குடுத்துட்டாரு உங்க டாக்டரு" என்றார்.

கட்டுரை டைப் ஆகி வந்தது. வெளியூர்க் கூட்டம் ஒன்றில் அம்மா அதைப் படிக்க இருந்தார். புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் எதிரில் நான் உட்கார்ந்ததே இல்லை. நின்றுகொண்டே கேட்டேன். கடைசிப் பக்கத்தில் ஆங்கிலத்தில் இருந்ததை எனக்காகத் தமிழில் சொன்னார். நேரத்தையும் மாத்திரைக் கணக்கையும் பிழையில்லாமல் குறித்துக் கொடுத்த ஏழுமலைக்கு நன்றி என்று எழுதியிருந்தார்.

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணி லாரி, படிக்கட்டு, செல்வி, எல்லாவற்றையும்.

நான் முடித்ததும், "எந்தத் தேதிலேர்ந்து?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். கம்ப்யூட்டரில் அந்தத் தேதியிலிருந்து மருந்தைப் பாதியாக்கிப் போட்டுப் பார்த்தார். ஒளிந்திருக்கும் செல்களுக்காகச் சேர்த்த வரியை எடுத்துவிட்டார். பழைய சமன்பாடே, நான் வைத்த புள்ளிகள்மேல் ஒவ்வொன்றாக ஏறிப் போனது. பிறகு கட்டுரையை எடுத்து, முதல் பக்கத்தின்மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார். கூட்டத்துக்குப் போகவில்லை. செல்களுக்குள் வைரஸ் ஒளிவது உண்மைதான் என்று வேறு ஊர்க்காரர்கள் சரியான புள்ளிகளோடு எழுதினார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

"கோபம் இல்லேன்னு சொல்ல மாட்டேன், ஏழுமலை" என்றார். கோடு இழுத்த கட்டுரையை மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். "கட்டுரை போனாப் போறது. நாலாம் நம்பரோட மாத்திரையெல்லாம் உங்க அலமாரியிலதானே இருக்கு?"

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நாலரை மாதமாக வாரத்தில் மூன்று நாள் அந்த அலமாரியைத் திறந்து மூடியிருக்கிறேன். ஒரு ஆளுக்கு வேண்டிய மருந்து அங்கே கேட்பாரற்றுக் கிடந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டாக்டர் எடுத்துக் கொடுத்திருப்பார். மறுநாள் நான் போய் எல்லாவற்றையும் சொன்னபோது அதை அவரே என்னிடம் சொன்னார். திட்டவில்லை, தனசேகரை நீக்கவும் இல்லை. இருவருக்கும் தனித்தனிக் குப்பி, முழு அளவு என்று அன்றே எழுதிக் கொடுத்தார்.

அம்மா அடுத்த புள்ளிகளுக்காகக் காத்திருந்தார். நானும்தான். கோடு கொஞ்சம் இறங்கியது. ஒரு வாரம் தங்கியது. பிறகு ஏறியது. செல்விக்குத் தனித் தாளில் ஏழாவதாக ஒரு கோடு போட்டோம். அதுவும் அப்படியே ஏறியது. அது ஏறும் என்று சமன்பாடு முன்பே சொல்லிவிட்டது, தனக்குத்தான் நம்ப இஷ்டமில்லை என்று அம்மா ஒருநாள் மெதுவாகச் சொன்னார். வேறு மருந்து அப்போது எங்களுக்கு எட்டும் இடத்தில் இல்லை.

தனசேகரிடம் உண்மையை டாக்டர் சொல்லியிருந்தார். கடைசியாக அவர் நடந்து வந்த நாளில், குப்பியை நான் எண்ண வாங்கியபோது அவர் என் கையைப் பிடித்தார்.

"உன் வாய நான்தான் கட்டினேன், நைனா. அத நீ தூக்கிக்கினு திரியாத" என்றார்.

ஐந்தைந்தாகத் தள்ளினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. அடுத்த ஐப்பசி மழையில் அவர் இறந்துபோனார். சுவர்த் தாளில் ஆறாம் கோடு நின்ற இடத்தில் அம்மா எதுவும் எழுதவில்லை. அன்று முழுவதும் கரும்பலகைப் பக்கமே அவர் போகவில்லை.

அதற்குப் பிறகு பதினைந்து வருடம் நிலையத்தில் வேலை பார்த்தேன். அம்மா என்னை வேறு அறைக்கு மாற்றச் சொல்லவில்லை. என் நோட்டில் மட்டும் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார். 'வீட்டில் வேறு யாருக்கு உடம்பு சரியில்லை?' அதை நோயாளியிடம் நான்தான் கேட்க வேண்டும். கூச்சத்தோடு, ஒவ்வொருவரிடமும் கேட்டேன்.

தனசேகர் இறந்து ஒரு மாதம் கழித்து செல்வி மருத்துவமனைக்கு வந்தது. அவருடைய குப்பிகளைத் துணிப்பையில் போட்டுத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தது. உடம்பு பாதியாகியிருந்தது. நர்ஸம்மா உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு, என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"அண்ணே, நர்ஸக்கா அன்னிக்கு ஏதோ சொல்லிக்கினு இருந்தாங்க. எனக்குச் சரியா வெளங்கல. மொதமொதல்ல குடுத்தது எங்க ரெண்டு பேருக்கும் சேத்துக் குடுத்ததுன்னு அவரு சொன்னாரு. அப்படித்தான? இல்ல, அவரோடதத்தான் நான் துன்னனா? நீங்கதான எண்ணுவீங்க. உங்களுக்குத் தெரியும்."

நோட்டு என் முன்னால் திறந்தே இருந்தது. செல்விக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அதை மூடினேன்.

"ரெண்டு பேருக்கும் சேத்துதாம்மா குடுத்தாங்க" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் குப்பியை எண்ணுவதற்காக எடுத்து என் தட்டின் பக்கத்தில் வைத்தது.